கடைசிப் பாடத்தை முதலில் படிப்போம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது பாடம், அதாவது கடைசிப் பாடம், ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. கடைசியில் இருக்கிற பாடத்துக்கு என்ன கதியோ அதுதான் இதற்கும். திருப்புதல் தேர்வு நெருங்கிவிடும். வாத்தியார் திட்டவிலக்கத்துக்கு ரெண்டு கணக்கைப் போர்டில் போட்டுவிட்டு, ‘ரெண்டு பகடை உருட்டினா கூடுதல் ஏழு வர நிகழ்தகவு ஆறில் ஒன்று, மனப்பாடம் பண்ணிக்க’ என்று மூட்டை கட்டிவிடுவார். பகடை, நாணயம், சீட்டுக்கட்டு என்று சூதாட்டச் சாமான்களை வைத்துச் சொல்லித்தருகிற ஒரே பாடம் இதுவாகத்தான் இருக்கும். இது எதுக்கு உதவும் என்று கேட்காமலே நம்ம பிள்ளைகள் இதைக் கடந்து போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் கணக்கிலேயே ஒரு தலித் மாணவனுக்கும் மாணவிக்கும் மிக அவசரமாகத் தேவைப்படுகிற கணக்கு இதுதான் என்பது என் கட்சி.

இதை இயக்கப் பத்திரிகையில் எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எண்களோடு நமக்கு இருக்கும் உறவு விநோதமானது. கவிதை, பறை, நாட்டார் வழக்கு, பண்பாட்டு அரசியல் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், நானும் கவிதை எழுதுகிறவன்தான். எண் என்று வந்துவிட்டால் மட்டும் அதை முழக்கம் மாதிரி கையாளுகிறோம். ‘லட்சோப லட்சம் மக்கள் திரண்ட’ என்று துண்டறிக்கையில் அடிக்கிறோமே, தமுக்கம் மைதானத்தில் நெருக்கி நின்றால் எத்தனை பேர் நிற்கலாம் என்று நம்மில் யாராவது எட்டு வைத்து அளந்திருப்போமா? எதிராளி ஒரு சதவீதத்தைத் தூக்கிப் போட்டால் பதிலுக்கு நாம் இன்னொரு சதவீதத்தைத் தூக்கிப் போடுகிறோம். எதை எதால் வகுத்து வந்தது என்று ரெண்டு தரப்புக்கும் தெரியாது. எண் அதிகாரத்தின் மொழி, அதைக் கட்டுடைக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் சொல்கிற தோழர்களும் உண்டு. சரிதான் தோழர், எப்படிக் கட்டினான் என்று தெரியாமல் எதைக் கட்டுடைக்கப் போகிறோம்?

‘உனக்கெல்லாம் கணக்கு எதுக்குடா, பேசாம வரலாறு எடு’ என்று பதினோராம் வகுப்பில் என்னை மடைமாற்றி விட்ட வாத்தியார் எனக்கு மட்டும் வாய்த்தவரல்ல. நம்ம வீடுகளில் பாதிப் பேருக்கு அப்படி ஒருத்தர் உண்டு. கணக்கு மூளை என்று ஒன்று இருப்பதாகவும், அது சில தெருக்களில்தான் பிறப்பதாகவும் ஒரு நம்பிக்கை இன்றைக்கும் ஆசிரியர் அறைகளில் உலவுகிறது. அதை நாமும் உள்ளுக்குள் வாங்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் கொடுமை. இப்போது நான் வங்கியில் கிளார்க். நாள் முழுக்க எண்களோடு புழங்குகிறேன். அந்த மூளை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேஷ் கவுண்டரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ராத்திரி கணக்கு டேலி ஆனால் சரி.

பாடத்துக்கு வருவோம். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம்ம ஆத்தாக்களின் புள்ளியியல். புள்ளியியல் இதையே கூறெடுப்பு என்கிறது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானை முழுவதையும் பற்றி முடிவுக்கு வருவது சாதாரணக் காரியமில்லை. ஆனால் அது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பானைக்குள் எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும், அகப்பையால் கிண்டியிருக்க வேண்டும். நம்ம ஊர்கள் அப்படியா இருக்கின்றன? உத்தப்புரத்தில் ரெண்டு தெருவுக்கு நடுவே நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தார்கள். அதற்கு முன்னால் அந்த ஊருக்கு ஒரு அதிகாரி சர்வே எடுக்கப் போயிருந்தால் சுவருக்கு எந்தப் பக்கம் நின்றுகொண்டு பருக்கையை எடுத்திருப்பார்? டீக்கடை பக்கத்தில், வண்டி நிற்கிற இடத்தில், நாற்காலி போடுகிற திண்ணையில்தான். நூறு வீட்டில் எண்பது வீட்டுக்குக் குழாய் இருக்கிறது, எண்பது சதம் தன்னிறைவு என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். மிச்சம் இருபது எங்கே இருக்கிறது என்பதுதானே கேள்வி? அது ஊரெங்கும் சிதறிக் கிடக்கவில்லை, மொத்தமாக ஒரே இடத்தில், சேரியில் இருக்கிறது. சேரியைப் பொறுத்தவரை குழாய் உள்ள வீடு எண்பது சதம் இல்லை, பூஜ்யம். ரெண்டு பானை இருக்கும்போது ரெண்டிலும் தனித்தனியாகப் பருக்கை எடுக்க வேண்டும் என்பது புள்ளியியலில் அடிப்படைப் பாடம். படுகை பிரித்துக் கூறெடுப்பது என்பார்கள். அரசு அலுவலர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை.

சராசரி என்பதும் இதே ஜாதிதான். (சொல் தானாக வந்து விழுகிறது, விடுங்கள்.) ஒரு கிளையில் ஒரு நாள் பத்துப் பேருக்குக் கடன் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து ஆளுக்கு 20,000 ரூபாய் நகைக்கடன் வாங்கியவர்கள். பத்தாவது ஆள் அரிசி ஆலை முதலாளி, 50 லட்சம். கூட்டி வகுத்தால் சராசரிக் கடன் 5,18,000 ரூபாய். அன்றைக்குக் கடன் வாங்கிய யாரோடும் இந்த எண்ணுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ‘சராசரியாக ஒருவருக்கு ஐந்து லட்சம் வழங்கினோம்’ என்று அறிக்கை எழுதினால் அதில் ஒரு பொய்கூட இல்லை. பத்துப் பேரையும் கடன் அளவுப்படி வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 20,000 என்பார். அதற்கு இடைநிலை அளவு என்று பெயர். அதுவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. வருமானம், நிலம், கூலி பற்றி யாராவது சராசரி சொன்னால் ‘இடைநிலை என்ன?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் சத்தம் குறையும்.

சராசரியை வைத்து நம்மை அளந்த கதை பழையது. ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற வெள்ளை அதிகாரி 1891இல் வங்காளத்துச் சாதிகளைப் பற்றி எழுதியபோது மூக்கை அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் எண்ணைச் சாதிவாரியாகச் சராசரி எடுத்து, மூக்கு அகலமாக ஆக அந்தஸ்து இறங்குகிறது என்றார். அதே ரிஸ்லிதான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையர், சாதிகளை மேல்கீழாக அடுக்கச் சொன்னவர். மதராஸ் மாகாணத்தில் அந்த வேலையை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பார்த்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலைப் பார்த்தால் இந்த அளவுகள் கிடக்கும். இதில் மோசடி எங்கே இருக்கிறது? சராசரிக்குப் பக்கத்தில் பரவலைச் சொல்லாததில். ரெண்டு கூட்டத்துக்கும் சராசரி கொஞ்சம் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயும் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால், ஒரு மூக்கைக் காட்டி இது எந்தக் கூட்டம் என்று சொல்ல முடியாது. திட்டவிலக்கம் என்று பத்தாம் வகுப்பில் போர்டில் போட்டு அழிக்கிறார்களே, அது இந்தப் பரவலின் அளவுதான்.

இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று சொல்லப்படும் மகலனோபிஸ், 1920களில் ரிஸ்லி விட்டுப்போன இதே அளவுகளையும் எடுத்துப் போட்டு வேலை செய்தார். ரெண்டு கூட்டங்களுக்கு நடுவில் உள்ள ‘தூரத்தை’, பரவலையும் கணக்கில் சேர்த்து எப்படி அளப்பது என்று யோசித்து 1936இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கு உலகம் முழுக்கக் கணிப்பொறிக்காரர்கள் தினமும் பயன்படுத்துகிற ஒன்று. அது பிறந்த இடம் சாதிகளின் தலையும் மூக்கும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. நம்ம பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அந்தச் சூத்திரத்தைப் படிக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு படிக்கட்டும்.

அம்பேத்கர் என்ன செய்தார்? மூக்கை அளப்பது அயோக்கியத்தனம் என்று வைதுவிட்டு எழுந்து போகவில்லை. 1948இல் வந்த ‘தீண்டப்படாதார்’ நூலில் (நந்தனார் பெயரையும் சேர்த்துத்தான் அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார்) குர்யே தொகுத்துத் தந்த அதே மூக்கு அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் என்பதற்கு உங்கள் அளவுகளிலேயே ஆதாரம் இல்லையே என்று கேட்டார். எதிராளியின் அட்டவணையை எதிராளியைவிட ஒழுங்காகப் படித்தார். நமக்கு முன்மாதிரி வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தின் பேரில் போட்ட கணக்கைத் தனி ஆளின் தலையில் சுமத்துவது எவ்வளவு கொடூரமாகும் என்பதற்கு மதுரைச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம். ஒருத்தர் திருடினாரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, பிறந்த கூட்டத்தைப் பார்த்துக் கைரேகை கொடு என்றது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர் மக்களை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டுத் தள்ளியது. அந்தக் கொடுமையை நாமும் மறக்கவில்லை. அதே வட்டாரத்தில் பின்னாளில் நமக்கு நடந்ததைக் கீழே சொல்லப் போகிறேன் என்பதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

இனி நிகழ்தகவு. ‘தகுதியான ஆள் கிடைக்கல’, ‘தற்செயலா அப்படி அமைஞ்சிருச்சு’ என்ற ரெண்டு வாக்கியங்களும் நமக்குப் பால்யத்திலிருந்தே பழக்கம். தற்செயல் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கோபப்படுகிறோம். கோபத்தோடு கணக்கும் போடலாம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் 20.01 சதம், அஞ்சில் ஒரு ஆள். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கல் முறையில் ஒருவரை எடுத்தால் அவர் தலித்தாக இல்லாமலிருக்க நிகழ்தகவு அஞ்சில் நாலு. பத்துப் பேரை எடுத்து ஒருத்தர்கூட தலித்தாக இல்லாமல் போக, அந்த அஞ்சில் நாலைப் பத்துத் தடவை பெருக்கணும். ஏறத்தாழ 11 சதம் வரும். நடக்கக் கூடியதுதான், சண்டைக்குப் போக முடியாது. இருபது பேர் என்றால் 1 சதத்துக்குக் கொஞ்சம் மேல். முப்பது பேர் என்றால் எண்ணூறில் ஒரு தடவை. முப்பது பேர் உள்ள ஒரு அலுவலகத்தைக் காட்டி ‘தற்செயல்’ என்று ஒருத்தர் சொன்னால், எண்ணூறு குலுக்கலில் ஒன்றுதான் இப்படி விழும், அது உங்களிடம் மட்டும் எப்படி விழுந்தது என்று கேட்கலாம்.

பெரிய இடத்துக்கே போவோம். 2018 முதல் 2023 ஜூலை வரை இந்திய உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளின் சமூகப் பின்னணியை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பொதுப்பிரிவு 458, பிற்படுத்தப்பட்டோர் 72, சிறுபான்மையினர் 34, தாழ்த்தப்பட்டோர் 18, பழங்குடியினர் 9, விவரம் இல்லாதோர் 13. கூட்டிப் பாருங்கள், சரியாக 604 வரும். (வங்கிக்காரன் புத்தி, கூட்டிப் பார்க்காமல் விடாது.) நாட்டில் தாழ்த்தப்பட்டோர் 16.6 சதம். குலுக்கிப் போட்டிருந்தால் 604இல் 100 பேர் எதிர்பார்க்கலாம். சரியாக நூறே வராது, கொஞ்சம் கூடும், குறையும். எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதைத்தான் திட்டவிலக்கம் சொல்லும். 604ஐ 0.166ஆல் பெருக்கி, அதை 0.834ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 9 வரும். நூறிலிருந்து ரெண்டு திட்டவிலக்கம், அதாவது பதினெட்டுப் பேர், கூடியோ குறைந்தோ போவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புதான். மூன்று திட்டவிலக்கம் தள்ளிப் போனாலே ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கே நூறுக்குப் பதில் பதினெட்டு. ஒன்பது திட்டவிலக்கம் கீழே! பூமி தோன்றிய நாளிலிருந்து குலுக்கிக்கொண்டிருந்தாலும் இது தற்செயலாக விழாது.

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்தக் கணக்கு எதை நிரூபித்தது? நியமனம் குலுக்கல் மாதிரி நடக்கவில்லை என்பதை மட்டும்தான். யார் தடுத்தார், எந்தப் படியில் தடுத்தார் என்பதை அது சொல்லவில்லை. ‘மூத்த வழக்கறிஞர்களிலிருந்துதானே எடுக்கிறோம், அங்கேயே உங்க ஆட்கள் குறைவு’ என்று எதிராளி சொல்வார். சொல்லட்டும். அது அவர் தரப்பிலிருந்தே வரும் வாக்குமூலம். அப்படியானால் அந்தக் கூட்டத்தில் எத்தனை சதம், அங்கே ஏன் குறைவு, சட்டக் கல்லூரியில் நுழைந்தவர் எத்தனை பேர், ஜூனியராகச் சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு படியிலும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டே கீழே இறங்கலாம். எந்தப் படியில் எண் மடங்கி விழுகிறதோ அந்தப் படியில் நின்று போராட்டம் நடத்தலாம். கணக்கு தெரியாதவர்கள் எல்லாப் படியிலும் நின்று கத்திவிட்டுக் களைத்துப் போகிறோம்.

சின்ன எண்களில் வேறு ஒரு சூது உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் மொத்தப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாக வைத்து 200 புள்ளி இனச்சுழற்சி நடந்து வந்தது. 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக வைக்கச் சொன்னது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக விட்டது. சட்டத்தில் சதவீதம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் 15 சதம் என்றால் ஏழாவது இடத்தில்தான் ஒரு முழு ஆள் வருகிறார். 7.5 சதம் உள்ள பழங்குடிக்குப் பதினாலாவது இடம். 27 சதத்துக்கு நாலாவது. ஆறு பேர் உள்ள ஒரு துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? வராது. பத்துத் துறைக்கு ஆறாறு பேர் என்றால் அறுபது இடம், சேர்த்துப் போட்டால் நமக்கு ஒன்பது, பிரித்துப் போட்டால் பூஜ்யம். இடஒதுக்கீட்டை ஒழிக்க ஒரு வரிகூடத் திருத்த வேண்டியதில்லை, வகுக்கும் எண்ணைச் சின்னதாக்கினால் போதும். மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்த பிறகு 2019 மார்ச்சில் அவசரச் சட்டம், பிறகு அதே ஆண்டு சட்டம் என்று பழைய முறை திரும்பியது. அந்தப் போராட்டத்தில் ஏழாவது இடத்தின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டத் தெரிந்தவர்கள்தான் மற்றவர்களைத் தெருவுக்குக் கூட்டி வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

வன்கொடுமை வழக்குகளிலும் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தண்டனை விகிதம் என்று ஒன்றை ஆண்டுதோறும் அச்சிடுகிறது. அது பதிவான வழக்குகளால் வகுப்பதில்லை, அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளால் வகுப்பது. நூறு வழக்கு நிலுவையில் கிடந்து, அதில் இருபது முடிந்து, எட்டில் தண்டனை என்றால் விகிதம் 40 சதம் என்று அச்சாகும். புகார் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிற அம்மாவுக்கு அது நூறில் எட்டு. ரெண்டும் உண்மைதான். எது யாருக்கு வசதி என்பதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதுரையில் எவிடென்ஸ் அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் போட்டு இந்த எண்களை வாங்கி வெளியிட்டு வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

எண்களிலேயே என்னைத் தூங்கவிடாதது பூஜ்யம்தான். பதிவான வழக்கு பூஜ்யம் என்றால் அமைதியான ஊர் என்று பொருளா? இதற்கு ஆபிரகாம் வால்ட் என்ற கணிதரின் கதையைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்த யூதர். வியன்னாவில் எவ்வளவு திறமை காட்டியும் யூதர் என்பதால் பல்கலைக்கழக வேலை இல்லை. 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பினார். பின்தங்கிய குடும்பத்தாரில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றார்கள். போர்க்காலத்தில் விமானங்களுக்கு எந்த இடத்தில் கவசம் போடலாம் என்ற கேள்வி அவரிடம் வந்தது. திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்ற கணக்கு கையில் இருந்தது. ஓட்டை அதிகமாக உள்ள இடத்தில் கவசம் போடு என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் மாற்றி யோசித்தார். இவை திரும்பி வந்தவை. இந்த இடங்களில் அடிபட்டும் பறந்து வந்திருக்கின்றன. எந்த இடத்தில் ஓட்டையே காணோமோ, அங்கே அடிபட்டவை வீழ்ந்துவிட்டன, அவை நம் கணக்கிலேயே இல்லை. கவசம் அங்கேதான் வேண்டும். இல்லாததை எண்ணுகிற கண் இருந்தது அவருக்கு. துரத்தப்பட்டவருக்கு அந்தக் கண் இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்திய அரசு அழைத்துச் சொற்பொழிவாற்ற வந்தவர், 1950 டிசம்பரில் மனைவியோடு சென்ற விமானம் நம்ம நீலகிரி மலையில் மோதி இறந்துபோனார். விமானங்களைக் காக்கக் கணக்குப் போட்டவர்.

இனி உசிலம்பட்டி வட்டாரத்துக்குத் திரும்புவோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம், 2006 அக்டோபர் வரை, ஒழுங்கான ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. மனுத்தாக்கல் இல்லை. அல்லது ஆதிக்க சாதியினர் தாங்களே நிறுத்திய ஒரு ஆள் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா. அந்தப் பத்து வருஷத்து அட்டவணையில் இது எப்படி எழுதப்பட்டிருக்கும்? ‘வேட்புமனு எதுவும் வரவில்லை.’ மனுப் போட்டவரை அடித்தால் ஒரு வழக்கு, வெட்டினால் ஒரு எண். போடவே துணியாதவருக்கு எந்தப் பட்டியலிலும் வரிசை எண் கிடையாது. 1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவில் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். குற்ற ஆவணத்தில் அது ஆறு. அந்த ஆறைப் பார்த்துவிட்டு அடுத்த தேர்தலில் மதுரை, சிவகங்கை, விருதுநகர் ஊர்களில் எத்தனை வீட்டில் ‘நமக்கெதுக்குப்பா’ என்று பொண்டாட்டி புருஷன் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்? திரும்பி வராத விமானங்கள் அவை. மனு வராத ஊர், வழக்கு வராத ஊர், சாதி மறுப்புத் திருமணமே பதிவாகாத ஊர் என்று பூஜ்யங்களாகப் பொறுக்கி ஒரு வரைபடம் போட்டால், வழக்கு எண்ணிக்கையை வைத்துப் போடும் வரைபடத்தைவிட அது உண்மையாக இருக்கும். இயக்க மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பல்கலைக்கழகம் செய்யும் என்று காத்திருக்க முடியாது.

எண்ணாமல் விடுவது ஒரு வழி, எண்ணுகிற இடத்திலேயே கரைப்பது இன்னொரு வழி. 1932இல் லோத்தியன் குழு வாக்குரிமை பற்றி விசாரிக்க வந்தபோது, எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் கிடைக்கப் போகிறது என்று தெரிந்ததும், வட மாகாணங்களில் சாதி இந்துக்கள் ‘எங்கள் பக்கம் தீண்டப்படாதாரே இல்லை’ என்று சாதிக்க ஆரம்பித்தார்கள். கோடிக்கு மேல் இருந்தவர்கள் சில லட்சமானார்கள். அம்பேத்கர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே கோடிகளிலிருந்து பின்னங்களுக்கு என்ற பொருளில்தான். 1931க்குப் பிறகு எல்லாச் சாதியையும் எண்ணி முடித்து வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்றுகூட இல்லை. 1951 முதல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மட்டும். அதிலும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவத் தலித் அட்டவணைச் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. ஆக, அந்த 20.01 சதத்திலேயே தேவாலயம் போகிற பறையரும் பள்ளரும் சக்கிலியரும் இல்லை. அவர்களை விட்டுவிட்டு வந்த இருபதுக்கும் இங்கே இடஒதுக்கீடு 18.

2027 மார்ச் 1ஆம் நாளை ஆதாரமாக வைத்து எடுக்கப்போவதாக 2025 ஜூனில் அறிவித்த கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டியது. வீட்டுக்கு வருகிற கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார். ஊர்த்தெருக்காரராகவும் இருக்கலாம். அவர் சேரிக்குள் எல்லா வீட்டுக்கும் வருகிறாரா, மந்தையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தரைக் கேட்டு எல்லாரையும் எழுதுகிறாரா என்று பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்களை எங்கே எழுதுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்குள் அந்த எட்டாவது பாடத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தையிலோ படிப்பகத்திலோ, பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்து நடத்தலாம். பகடை வேண்டாம். ஊராட்சி வார்டு பட்டியல், ரேஷன் கடைப் பதிவு, நூறு நாள் வேலைக் கணக்கு போதும். தெருவில் இத்தனை வீடு, வீட்டில் இத்தனை தலை என்று நாமே முன்கூட்டி எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம், பிறகு அவர்கள் எண்ணும் எண்ணோடு டேலி பார்க்க. கிறித்தவ வீட்டு வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று, எழுதுகிறவர் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள்.